கீதாரி மககிட்ட கேளுங்க: ஆட்டுக்கிடை கேள்வி பதில்

போன இதழ்ல ராமநாதபுரத்துல இருந்து தஞ்சாவூர் பக்கம் வலசை போற ஆட்டுக்கிடை பத்தி ஒரு பக்கம் எழுதினேன். கிடைன்னா, எருவுக்காக ராத்திரி ஆட்டு மந்தைய வயல்ல அடைச்சு வைக்கிறது, அந்த மந்தைக்கும் அதே பேருதான். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் பாத்து ஆசிரியரே அசந்துட்டாரு, சரி நீயே பதில் சொல்லும்மான்னு இந்த பக்கங்களை குடுத்துட்டாரு. என்னை தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கமுதி பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊர், எங்கய்யா கீதாரி, அதாவது கிடைக்கு தலைவரு, நான் கால்நடை ஆய்வாளரா 20 வருஷத்துக்கு மேல வேலை பாத்தவ. ஊசியும் போடத் தெரியும், தொரட்டியும் பிடிக்கத் தெரியும். கேள்விக்கு போவோம்.

வயல்ல ஆட்டுக்கிடை போட்டா நெசமாவே உரச்செலவு கொறையுமா? எப்ப சொல்லி வைக்கணும், எத்தனை ராத்திரி போடணும்? எங்கப்பா காலத்துல போட்டது, எனக்கு கணக்கு தெரியல.
(விவசாயி, மன்னார்குடி பக்கம்)

கொறையும் அண்ணே, ஆனா யூரியா மூட்டையே வாங்க வேண்டாம்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. கணக்கு இதுதான். சாதாரண தொழு உரத்துல தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் இருந்தா பெருசு, ஆட்டு எருவுல ஏறக்குறைய 3 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 2. அதுக்கு மேல, குப்பையா வண்டியில கொண்டாந்து கொட்டும்போது மூத்திரம் வராது பாருங்க, கிடைல அது நேரா மண்ணுக்கு போயிருது, ஆட்டு மூத்திரத்துல தழைச்சத்து நெறைய. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்"னு நம்ம பெரியவங்க சொன்னது சும்மா இல்ல, புழுக்கை சீக்கிரம் மக்கி அந்த பயிருக்கே வேலை செய்யும்.

எத்தனை ராத்திரின்னா, நெருக்கி அடைச்சா ஒரு ஆடு படுக்க ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வேணும்னு வச்சுக்கோங்க, 500 உருப்படி இருக்கிற கிடை ஒரு ராத்திரிக்கு 500 சதுர மீட்டர் அதாவது ஏறக்குறைய பன்னெண்டரை சென்ட்டு பிடிக்கும். உங்க பக்கத்து கணக்குல மூணு மா ஒரு ஏக்கர், அது 4,047 சதுர மீட்டர், அப்ப எட்டு ராத்திரி ஆட்டை அடைக்கிற படலை எடம் மாத்தி மாத்தி நட்டா ஏக்கர் முடிஞ்சிரும். ஒரே எடத்துல ரெண்டு ராத்திரி போடச் சொல்லி சில பேரு நிப்பாங்க, வேணாம், அந்த எடத்துல மட்டும் பயிரு கருகருன்னு தழைஞ்சு சாஞ்சு போகும், பக்கத்துல வெளிறி நிக்கும்.

முக்கியமான ஒண்ணு, கிடை கெளம்பினதும் உழுதுருங்க. மேலாக்க ஒரு ஓட்டு போதும். அப்படியே வெயில்ல காய விட்டா தழைச்சத்து ஆவியா போயிரும், மூக்குல ஏறுது பாருங்க ஒரு நெடி, அது உங்க காசுதான் பறக்குது. எங்கய்யாவுக்கு கோவம் வர்ற ஒரே விஷயம் அதுதான், "எட்டு ராத்திரி கண்ணு முழிச்சு போட்டுக் குடுத்தேன், இந்தாளு பத்து நாளா ஏர் பூட்டல"ன்னு அடுத்தவர் வயல பாத்து பொலம்புவாரு.

சொல்லி வைக்கிறது மாசி கடைசில. சம்பா அறுத்து, உளுந்து பயறு விதைச்சிருந்தா அதையும் எடுத்து, பங்குனி சித்திரைல காடு காலியானதும் போடலாம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தா வாய்க்கால்ல தண்ணி வந்து குறுவைக்கு சேறு கலக்க ஆரம்பிச்சிருவாங்க, அதுக்குள்ள ஆடு கெளம்பணும், ஆக உங்களுக்கு இருக்கிறது ரெண்டு ரெண்டரை மாசம்தான். கூலி ராத்திரிக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பேசிருங்க, ஆடு குடிக்க தண்ணி எங்கன்னும் காட்டிருங்க. தண்ணி காட்டாத வயலுக்கு கீதாரி மறு வருஷம் வர மாட்டாரு.

கீதாரின்னா என்ன? ஜாதிப் பேரா, பட்டப் பேரா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பொறுப்போட பேரு தங்கச்சி. எங்க பக்கம் கிடைக்காரங்கள்ல பெரும்பாலும் கோனார் சமூகம், அதுக்காக கோனார் எல்லாரும் கீதாரி இல்ல. ஒரு பத்து குடும்பத்து ஆடு ஒண்ணா சேந்து போகுதுன்னா அதுக்கு மொத்தமா ஒருத்தர் தலை, அவருதான் கீதாரி. எந்த வழில போறது, எந்த ஊர்ல யாரு வயல்ல போடுறது, கூலி எவ்வளவு, பிரச்சனைன்னா போலீஸ் ஸ்டேஷன்ல யாரு போயி நிக்கிறது, எல்லாம் அவரு தலைல. ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதுல ஒரு வெட்டு அடையாளம் இருக்கும், அதை வச்சு பிரிப்பாங்க.

பொம்பளைங்க பத்தி யாரும் கேக்கல, நானே சொல்றேன். ஆம்பளை ஆடு பின்னாடி போயிருவாரு, ஈத்து நேரத்துல குட்டிகளை குடாப்புக்குள்ள (கவுத்து வைக்கிற பெரிய கூடை) போட்டு காப்பாத்துறது, தாய் சேர்க்காத குட்டிய பிடிச்சு மடில ஊட்ட வைக்கிறது, எங்கயோ ஒரு போர்செட்டுல தண்ணி கேட்டு கொடம் தூக்கிட்டு வர்றது, மழை பேஞ்சாலும் அடுப்பு மூட்டுறது எல்லாம் ஆத்தாதான். ஆனா கூலிப் பேச்சுல ஆத்தா பேரு வராது.

தப்பா நினைக்காதீங்க, இந்தக் காலத்துலயும் ஏன் இப்படி ஊர் ஊரா அலையணும்? ஒரு ஷெட் போட்டு, தீவனம் வாங்கிப் போட்டு, பரண் மேல ஆடு வளத்தா லாபமா இருக்குமே, யூடியூப்ல எத்தனை வீடியோ வருது.
(ஐடி ஊழியர், சென்னை)

தம்பி இந்த கேள்வி வராம ஒரு வாரம் கூட போனதில்ல. அலையுறாங்கன்னு சொல்றீங்க பாருங்க, அந்த வார்த்தைலதான் தப்பு. அலையுறவனுக்கு அடுத்த வாரம் எங்க இருப்பான்னு தெரியாது. எங்கய்யாவுக்கு வர்ற சித்திரை பத்தாம் தேதி எந்த ஊர் வாய்க்கால் கரைல சோறு பொங்குவோம்னு கார்த்திகையிலயே தெரியும்.

எங்க ஊரு மழை எப்படின்னா, வருஷத்துக்கு சுமாரா 800 மில்லிமீட்டர், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு பருவமழையா கொட்டிட்டு போயிரும், அதுவும் ஒரு வருஷம் கொட்டும் ஒரு வருஷம் ஏமாத்தும். மழை விழுந்ததும் தரிசுல, கண்மாய் உள்வாயில, கரிசக்காட்டு ஓரத்துல புல்லு பூண்டு மொளைக்கும், தை வரைக்கும் ஆடு வயிறு நெறையும். அந்த நேரம் தஞ்சாவூர்ல என்ன நடக்குது? சம்பா தாளடி நெல்லு நிக்குது, ஒரு ஆடு கால் வைக்க எடமில்ல. மாசி வந்தா அப்படியே திருப்பி போட்ட மாதிரி, எங்க ஊர்ல புல்லு காஞ்சு மண்ணு வெடிக்குது, அங்க அறுத்த தாளும் சிந்துன நெல்லும் வரப்பு புல்லும் மறு தழைவுமா கெடக்குது. ஒரு எடத்துல இல்லாத நேரம் இன்னொரு எடத்துல இருக்குது. அதனால ஆடு நடக்குது. திருவாடானை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டைன்னு மேய விட்டுக்கிட்டே ரெண்டு மூணு வாரத்துல போயி சேருவாங்க, அங்க தண்ணி தொறந்ததும் மேட்டாங்காடு பாத்து ஒதுங்கி ஒதுங்கி ஆவணி புரட்டாசில ஊரு திரும்புவாங்க. இப்ப நெறைய பேரு போக வர ரெண்டுல ஒரு பயணத்துக்கு ஆட்டை லாரியிலயும், சாமான் செட்டு குட்டிகளை குட்டியானைலயும் ஏத்திடுறாங்க. நடந்தே போகணும்னு யாருக்கும் வேண்டுதல் இல்ல.

இப்ப உங்க ஷெட்டுக்கு வாங்க. 300 செம்மறிக்கு ஷெட்டு, பசுந்தீவனத்துக்கு நெலம், அந்த நெலத்துக்கு தண்ணி, அடர்தீவன மூட்டை, எல்லாம் எங்க ஊர்ல போட்டு பாருங்க, போர்ல உப்புத்தண்ணி வரும். செம்மறி நடந்து மேஞ்சே பழகுன ஜீவன், எங்க ராமநாதபுரம் வெள்ளையும் வேம்பூர் பொட்டு ஆடும் காஞ்ச புல்லத் தின்னு வெயில்ல நடந்து ஒடம்பு தேத்துற இனம், அதை கட்டிப் போட்டு வளக்குறது வேற தொழில், அது முதல் இருக்கிறவங்க தொழில். கீதாரிக்கு தீவனச் செலவு கிட்டத்தட்ட இல்ல, மேல கிடைக்கூலி வருது, குட்டி வித்த காசு தனி. யூடியூப் வீடியோவுல ஆடு விக்கிற வரைக்கும் காட்டுவான், ரெண்டாவது வருஷம் தீவனக்கடை பாக்கிய காட்ட மாட்டான். பரண் மேல வளத்து நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அவங்க கீதாரியா இருந்து மாறுனவங்க இல்ல.

ஆடு மேய்க்கிறவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா போன வருஷம் ஒரே ராத்திரியில என் உளுந்தை பாதி மேஞ்சிட்டாங்க. கேட்டா கீதாரி "தெரியாம நடந்துருச்சு"ங்கிறார். இதுக்கு என்ன சொல்றீங்க?
(விவசாயி, திருத்துறைப்பூண்டி)

தப்புதான் அய்யா. நஷ்ட ஈடு வாங்கினீங்களா இல்லையான்னு எழுதல, வாங்கிருக்கணும், நல்ல கீதாரின்னா அவரே பஞ்சாயத்துல வந்து கட்டிருப்பாரு. ராத்திரி காவலுக்கு ஆள் பத்தாம ஒருத்தன் தூங்கிருப்பான், வலைய தள்ளிட்டு ஆடு போயிருக்கும், செம்மறி குணம் தெரியுமே, ஒண்ணு தாண்டினா ஐநூறும் தாண்டும்.

ஆனா உங்க பக்கம் மாறிப் போனதையும் கொஞ்சம் பாக்கணும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்து பயறை தெளிச்சு விட்டுடுறீங்க, ஈரத்துல அது மொளைச்சு வந்துருது, நல்ல வழக்கம், மண்ணுக்கும் நல்லது. ஆனா முன்னல்லாம் ஒரு ஊர்ல எல்லாரும் ஒரே சமயம் தெளிச்சு ஒரே சமயம் எடுப்பாங்க, தெளிக்காத பகுதி தனியா கெடக்கும். இப்ப ஒரு வயல்ல உளுந்து, பக்கத்துல போர்செட் வச்சு பருத்தி, அதுக்கு பக்கத்துல கோடை நெல்லு, நடுவுல ரெண்டு ஏக்கர் மட்டும் சும்மா கெடக்குது, அந்த ரெண்டு ஏக்கருக்கு 500 ஆட்டை நாலு பக்கமும் பயிருக்கு நடுவுல வரப்பு மேல ஓட்டிட்டு போகணும். வைக்கோலையும் மெஷின் வந்து கட்டு கட்டா உருட்டி எடுத்துட்டு போயிருது. வரப்புல களைக்கொல்லி வேற. ஆட்டுக்கு அங்க மிச்சம் இருக்கிறது ரொம்ப கம்மி.

நான் என்ன சொல்வேன்னா, கிடை போடுற ஆறேழு பேரு சேந்து பக்கத்து பக்கத்து வயலா பேசி ஒரே வாரத்துல கூப்பிடுங்க. தனித்தனியா கூப்பிட்டா இந்த சண்டை வருஷா வருஷம் வரும்.

எங்க வீட்டுல 120 ஆடு. மழை பேஞ்சு புல்லு வந்த ஒரு வாரத்துல, இருக்கிறதுலயே கொழுகொழுன்னு இருந்த குட்டிகளா பாத்து துள்ளி துள்ளி விழுந்து செத்துப் போச்சு, 9 குட்டி. நோஞ்சான் குட்டி எல்லாம் நல்லா இருக்கு. ஊர்ல செய்வினைங்கிறாங்க.
(கீதாரி மகன், முதுகுளத்தூர்)

செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க எழுதுனதை பாத்தா துள்ளுமாரி மாதிரியே இருக்கு. பேரே அதுதானே, துள்ளிச் சாகுறது. இந்த கிருமி ஆட்டுக் குடல்லயே கொஞ்சமா எப்பவும் இருக்கும், சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. காஞ்சு கெடந்த வயித்துக்கு திடீர்னு எளம்புல்லு நெறைய போச்சுன்னா குடல்ல அது மளமளன்னு பெருகி விஷத்தை விடும். எந்த குட்டி நெறைய தின்னுச்சோ, நெறைய பால் குடிச்சுச்சோ அதுதான் முதல்ல போகும், அதனாலதான் கொழுத்த குட்டியா பாத்து செத்திருக்கு. காலைல நல்லா இருக்கும் மத்தியானம் இருக்காது, வைத்தியம் பண்ண நேரமே குடுக்காது.

ஊசி மழைக்கு முன்னாடி போடணும், அதுக்கப்புறம் போட்டு பிரயோஜனம் கம்மி. ஆடி மாசமே பக்கத்து கால்நடை மருந்தகத்துல சொல்லி வைங்க. புதுப்புல்லு வந்ததும் முதல் பத்து நாள் வெறும் வயித்தோட பத்தாதீங்க, காஞ்ச தட்டையோ வைக்கோலோ கொஞ்சம் போட்டுட்டு பத்துங்க, எளம்புல்லுல நேரத்தை கொறைச்சு விடுங்க. மிச்ச குட்டி இருந்தா நாளைக்கே டாக்டரை பாருங்க, வேற நோயான்னு அவரு அறுத்து பாத்து சொல்லுவாரு. செத்த ஆட்டை தூக்கி கண்மாயில போடாதீங்க, குழி தோண்டி புதைங்க.

இதோட இன்னும் ரெண்டு. மழைக்கு முன்னாடி அறுத்த சோளக்காட்டுல கட்டையில இருந்து துளிர் வரும் பாருங்க, வாடி வதங்கின சின்னத் துளிர், அதுல சயனைடு விஷம் இருக்கு, கால் மணி நேரத்துல ஆட்டை சாய்ச்சிரும். எங்கய்யா சோளத்தாள் காட்டுப் பக்கமே ஓட்ட மாட்டாரு, அவருக்கு சயனைடுன்னா என்னன்னு தெரியாது, "அது நாக்க இழுத்துரும்"பாரு, அவ்வளவுதான். அடுத்தது தஞ்சாவூர் ஈரக்காட்டுல நத்தை மூலமா வர்ற ஈரல் தட்டைப்புழு, தாடைக்கு கீழ பை மாதிரி தண்ணி கோத்து வீங்குச்சுன்னா அதை சந்தேகப்படுங்க, தேங்குன தண்ணி ஓரத்துல மேய விடாதீங்க, போறதுக்கு முன்னாடியும் திரும்பி வந்தும் குடற்புழு மருந்து குடுங்க. பி.பி.ஆர்னு ஒண்ணு இருக்கு, ஆட்டுக்கொல்லி, மூக்கு ஒழுகி கழிச்சல் எடுத்து மந்தையவே காலி பண்ணும், அதை 2030-க்குள்ள உலகத்துல இருந்தே ஒழிக்கணும்னு எலக்கு வச்சு ஊசி போடுறாங்க. ஊசி கேம்ப் நடக்கும்போது கிடைக்காரங்க வேற மாவட்டத்துல இருப்பாங்க, அதுதான் பிரச்சனை. நான் வேலைல இருந்தப்ப ஒரு எடத்துல "இது எங்க மாவட்டத்து ஆடு இல்ல"ன்னு திருப்பி அனுப்பினதை கண்ணால பாத்திருக்கேன். கிருமி மாவட்ட எல்லைக்கல்லு பாத்தா வருது? நீங்க கேளுங்க, விடாதீங்க.

இந்த ஆட்டுல கம்பளி எடுப்பாங்களா? பால் கறப்பாங்களா?
(வாசகி, கோயம்புத்தூர்)

உங்க கோயம்புத்தூர் ஆட்டுல எடுக்கலாம், நீலகிரி ஆட்டுல எடுக்கலாம், எங்க ஆட்டுக்கு ஒடம்பு பூரா முடிதான், கம்பளி கெடையாது. பால் குட்டிக்கே பத்தாது.

எங்க பள்ளிக்கூடத்துக்கு பக்கத்து வயல்ல கிடை போட்டிருந்தாங்க. அதுல பத்து பதினோரு வயசுப் பையன் ஒருத்தன். பேச்சுக் குடுத்தப்ப அவன் கீதாரி குடும்பத்துப் பையன் இல்ல, "அட்வான்ஸ் குடுத்து விட்டாங்க"ன்னு சொன்னான். மறுநாள் கிடை கெளம்பிருச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்?
(ஆசிரியை, பட்டுக்கோட்டை)

டீச்சர், அன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணியிருக்கணும். உங்களை குத்தம் சொல்லல, அடுத்த தடவைக்கு சொல்றேன்.

எங்க தொழிலைப் பத்தி பெருமையா இவ்வளவு எழுதிட்டு இதை மறைச்சா நான் மனுஷியே இல்ல. கீதாரி வீட்டுப் பிள்ளை லீவுல அப்பனோட ஆட்டுக்கு போறது ஒண்ணு. கடன்ல கெடக்கிற ஒரு குடும்பத்துக்கு பத்தாயிரமோ இருபதாயிரமோ குடுத்துட்டு அந்த வீட்டுப் பையனை வருஷக்கணக்குல ஆட்டுக்கு பின்னாடி ஓட விடுறது வேற. அதுக்கு பேரு கொத்தடிமை. 1976-லயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தாச்சு, முன்பணம்ங்கிற கடனே செல்லாது, பையனை விடணும்னா பணத்தை திருப்பிக் குடுன்னு யாரும் கேக்க முடியாது. 14 வயசுக்கு கீழ வேலைக்கு வச்சா அது தனி குத்தம். மீட்டா கோட்டாட்சியர் விடுதலைச் சான்று குடுப்பாரு, மறுவாழ்வுத் தொகைன்னு வளந்த ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் 2 லட்சம் வரைக்கும் திட்டத்துல இருக்கு. அந்த சான்றை வாங்காம பையனை மட்டும் வீட்டுல கொண்டு போயி விட்டா ஆறு மாசத்துல வேற கிடைக்கு போயிருவான்.

இது ஏன் நடக்குதுன்னா, கீதாரி வீட்டுப் பையன்களே படிச்சிட்டு திருப்பூர் சிங்கப்பூர்னு போயிட்டாங்க, ஆடு மட்டும் கொறையல, மேய்க்க ஆள் இல்ல, வளந்த ஆளுக்கு சம்பளம் குடுக்க மனசு வரல, சின்னப் பையன்னா சோறும் துணியும் போதும்னு நினைப்பு. எங்க உறவுலயே ஒருத்தர் இப்படி வச்சிருந்தாரு. நான் கேட்டேன், பேச்சு நின்னு போச்சு, இன்னைக்கு வரைக்கும் அவங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு எனக்கு சொல்லி விடுறதில்ல. போகட்டும்.

ஆடு சரி, மாட்டுக்கிடையை விட்டுட்டீங்களே. எங்களை காட்டுக்குள்ளயே விட மாட்டேங்கிறாங்க.
(மலைமாடு வளக்கிறவர், தேனி மாவட்டம்)

விடல அண்ணே, உங்க லெட்டருக்காகத்தான் வச்சிருந்தேன். மத்தவங்களுக்கு: மதுரை, சிவகங்கை, தேனி பக்கம் புலிக்குளம் மாடும் மலைமாடும் கிடை கிடையா இருக்கு. பால் கொஞ்சம்தான், அதையும் கன்னுக்கு விட்டுருவாங்க, கிடை போட்டு எருவுக்கு வர்ற காசும் காளைக்கன்னு விக்கிற காசும்தான் பொழப்பு. வாடிவாசல்ல சீறிட்டு வருதுல்ல ஜல்லிக்கட்டு காளை, அதுல நெறைய இந்த கிடைல பொறந்ததுதான். 2017-ல மெரினாவுல அத்தனை லட்சம் பேரு காளைக்காக நின்னாங்க, சட்டம் வந்துச்சு, 2023-ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு, சந்தோஷம். அந்த காளையோட ஆத்தா எங்க மேயுதுன்னு கேக்க அதுல பத்து பேரு வந்திருந்தா தேவலை.

காட்டு விஷயம். 2022 மார்ச்ல ஹைகோர்ட்டு தமிழ்நாட்டுக் காடு எதுலயும் மாடு மேயக் கூடாதுன்னு சொல்லிட்டு, அப்புறம் கொஞ்ச நாள்லயே அதை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு சுருக்குச்சு. உங்களுக்கு அது பெருசா உதவல, ஏன்னா 2021-லயே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிருச்சு, நீங்க பரம்பரையா பத்துன மலை அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. இன்னொரு பக்கம் 2006 வன உரிமைச் சட்டத்துல 3-வது பிரிவுல நாடோடியா மேய்க்கிறவங்களோட மேய்ச்சல் உரிமைன்னு எழுத்துலயே இருக்கு. பழங்குடி இல்லாதவங்கன்னா மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் அந்த காட்டை நம்பி இருந்ததுக்கு ஆதாரம் காட்டணும், கிராம சபை வழியா மனு போகணும். உங்க தாத்தா காலத்து மேய்ச்சல் பாஸ் சீட்டு, ரசீது ஏதாவது பரண்ல கெடந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. எலி கடிச்ச சீட்டா இருந்தாலும் லேமினேட் பண்ணி வைங்க.

சீமைக்கருவேலத்தை வெட்டினா ஆட்டுக்கு நல்லதா கெட்டதா?
(வாசகர், சாயல்குடி)

ரெண்டும்தான். அதோட காய் வெயில் காலத்துல ஆட்டுக்கு தீனி, சித்திரைல வேற எதுவும் இல்லாதப்ப அந்த இனிப்புக் காய்தான் வயித்தை நிரப்புது. ஆனா ஆடு தின்னு புழுக்கை போட்டு அந்த விதைய கண்மாய் தரிசுன்னு எல்லா எடத்துலயும் பரப்பினதும் நாமதான், அது மண்டுன எடத்துல கீழ புல்லு மொளைக்காது. புல்லு இருந்த மேய்ச்சக்காட்டை முழுங்கிட்டு அதுக்கு பதிலா வருஷத்துல ரெண்டு மாசம் காய் குடுக்குது. குஜராத்ல கட்ச் பக்கம் பன்னின்னு பெரிய புல்வெளி இருக்கு, அங்க 1960-கள்ல உப்பு ஏறாம இருக்கணும்னு வனத்துறையே இதை விதைச்சு இன்னைக்கு புல்வெளியை தேட வேண்டியிருக்கு. அங்க மால்தாரிகள்னு எங்கள மாதிரி ஆளுங்கதான், எருமை வச்சிருக்காங்க, அந்த எருமை வெயிலுக்கு பயந்து ராத்திரி முழுக்க தானா மேஞ்சிட்டு காலைல பால் கறக்க வீட்டுக்கு வந்துருமாம். எங்கய்யாகிட்ட சொன்னேன், "நம்ம ஆட்டுக்கு அந்த புத்தி இருந்தா நான் தூங்கிருப்பேனே"ன்னாரு.

வெட்டுறதா இருந்தா பொது எடத்துல வேரோட எடுத்துட்டு அந்த எடத்துல நாட்டுக்கருவேலம், வாகை, உடைமரம் வைங்க. சும்மா மேல வெட்டி கரி போட்டுட்டு போனா ரெண்டு வருஷத்துல இன்னும் புதரா வரும்.

2026-ஐ மேய்ச்சல்காரங்க ஆண்டுன்னு சொல்றாங்களே, அதனால ஏதாவது கெடைக்குமா?
(வாசகர், பரமக்குடி)

ஆமா, ஐ.நா. சபை 2022-ல அறிவிச்சது, மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரங்களுக்குமான சர்வதேச ஆண்டு, மங்கோலியா முன்னெடுத்து கொண்டு வந்தது. கையில காசு எதுவும் வராது. நம்ம நாட்டுல 2024 கடைசில ஆரம்பிச்ச 21-வது கால்நடை கணக்கெடுப்புல முதல் தடவையா இடம் பெயர்ந்து மேய்க்கிறவங்களை தனியா கணக்கு எடுத்தாங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது. அதுக்கு முன்னாடி கணக்கெடுக்க வர்றவரு எங்க ஊர் வீட்டுக் கதவை தட்டினா பூட்டியிருக்கும், தஞ்சாவூர்ல வயல்ல இருக்கிற ஆட்டைக் கேட்டா "இது இந்த ஊர் ஆடு இல்ல". எத்தனையோ தடவை ரெண்டு பக்கமும் விட்டுப் போயிருக்கும்.

ஐநூறு அறுநூறு ஆட்டை தினம் எப்படி எண்ணுவாங்க?
(ஆறாம் வகுப்பு மாணவன், அருப்புக்கோட்டை)

நல்லா கேட்ட கண்ணு. காலைல பட்டிய தொறக்கும்போது ஒரு ஆளு போற அளவுக்கு மட்டும் வலைய விலக்கி, சோடி சோடியா விட்டு எண்ணுறவங்க இருக்காங்க, ஒவ்வொரு நூறுக்கும் ஒரு கல்லை மடில போட்டுக்குவாங்க.

எங்கய்யா எண்ண மாட்டாரு. சாயங்காலம் ஆடு பட்டிக்குள்ள அடைஞ்சதும் ஓரமா நின்னு ஒரு பீடி முடியுற வரைக்கும் சும்மா பாத்துக்கிட்டு நிப்பாரு, அப்புறம் "கொம்பு ஒடிஞ்சவ மக வரல"ம்பாரு. எண்ணி பாத்தா ஒண்ணு கொறையும். எந்த ஆட்டுக்கு எந்த ஆடு மக, எது எது கூட சேந்து படுக்கும், எது எப்பவும் பின்னாடி வரும்னு அவருக்கு மனசுல இருக்கு, ஆக யாரு பக்கத்துல எடம் காலியா இருக்குன்னு பாத்தாலே போதும். இப்ப வயசு 80 ஆகப் போகுது, கிடைக்கு போறதில்ல, ஆட்டையும் தம்பி பாதி வித்துட்டான். போன பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தப்ப பேரன் பேத்தி எல்லாம் வரிசையா சாப்பிட உக்காந்திருந்தோம், வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்துட்டு "சின்னவன் மக எங்க?"ன்னு கேட்டாரு. அவ மாடில போன் பாத்துக்கிட்டு இருந்தா.